ஒயர் மாற்றிய வீடு

சித்திரை வெயில். சிதம்பரம் பஸ் முதுநகர் ரயில்வே கேட்டில் நின்றபோது, முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்:

“ஸ்பீக்கர் ஒயர மாத்துனதுலேர்ந்து எங்க வீட்டுல பாட்டு ஓடுனா ஃபேன் ஓடக்கூடாதுக்கா.”

“ஏன், கரண்ட்டு மிச்சம் பண்றீங்களா?”

“எங்க வீட்டுக்காரரு வாங்குனது வெளிநாட்டு ஒயரு. அது மட்டுமே பாட்டு செட்டு வெலயில பாதி ஆச்சு. ஃபேன் சத்தத்துல அதோட அருமை தெரியாதாம். கதவையும் சாத்திடுவாரு.”

“அப்படி என்னடி வித்தியாசம்?”

“எனக்கு ஒரு எழவும் தெரியல. தெரியலன்னா மறுபடி மொதல்லேர்ந்து போடுறாரு. வேர்வை தாங்காம ‘ஆமாங்க, தெரியுது’ன்னுட்டேன். ஒடனே ஃபேன் போட்டாரு.”

“அப்புறமென்ன, தொல்லை விட்டுச்சு.”

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க விட்டுச்சுக்கா! ‘ஒனக்கே தெரியுதுன்னா, இதவிட ஒசத்தியா வாங்கிட வேண்டியதுதான்’னு நேத்து ஆர்டர் குடுத்துட்டாரு.”