இரண்டு துளைகள்

பாலத்தில் ஜேம் என்றால் மனிதரைவிட வண்டிக்குத்தான் முதலில் வேர்க்கும். ஊர்ந்து போகும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்றுப் போதாது. பின்பக்கத்து டயோடு தட்டு கொதிக்கும். அது கருகிவிட்டால் பேட்டரிக்குக் கரண்ட் ஏறாது, வண்டி செத்துவிடும். ஜெலுத்தோங் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் அந்தச் சூட்டைச் சோதித்தவன் நான், சிவநேசன். நானாகத்தான் வந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர்.

ஆல்டர்னேட்டரின் பின்மூடியில் காற்றுவழியை மாற்றலாம் என்று முதலாளி குமரப்பனிடம் முதலில் சொன்னவன் நான். "நீ டெஸ்ட் பண்ற வேலைய மட்டும் பாரு லா" என்றார். மூன்று வருடம் கழித்துப் பட்டறைப் பையன் தயாளன் அதையே கம்ப்யூட்டரில் படமாக வரைந்து காட்டினான். என் பழம் நழுவி அவன் பாலில் விழுந்தது. முதலாளி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

தயாளன் நல்ல பையன். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்திருந்தால் அவனை வெறுக்க நான் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்.

செய்து முடித்த மூடியை என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன். மொதல்ல என் வேன்லதான் போடப்போறேன்" என்றான். முதல் ஓட்டத்திலேயே தப்பு தெரிந்தது. டயோடு தட்டில் நூற்றெண்பது டிகிரி. அதற்கு நேர் பின்னால் இரண்டு துளை போட்டால் முடிகிற காரியம்.

நான் சூடு பார்க்கும் கம்பியைத் தட்டிலிருந்து எடுத்து, காற்று நுழையும் வாயோரம் ஒட்டினேன். நாலு விரற்கடை தூரம். தொண்ணூற்றிரண்டு காட்டியது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த எண் பொய்யில்லை. அந்த இடத்துச் சூடு அதுதான்.

வேன் நடுவழியில் நின்று அவன் மானம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவன் தினமும் பாயான் பாரு ஃபேக்டரியில் மனைவி தனுஜாவை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் பிறையில் இருக்கும் வீட்டுக்குப் போவான் என்று எனக்குத் தெரியும். அது மழைக்காலம். வைப்பர், விளக்கு, ஏர்கோன் எல்லாம் சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும் என்று தெரியாவிட்டால் நான் என்ன டெஸ்ட்காரன்?

மூடி மாட்டிய பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், கொட்டுகிற மழையில், பாலத்து நடுவே வேன் செத்தது. பின்விளக்கு எரியவில்லை. பின்னால் வரும் வண்டிகளுக்குக் கைகாட்ட இறங்கியதால் தயாளன் பிழைத்தான். லாரிக்காரனுக்கு அவனும் தெரியவில்லை, வேனும் தெரியவில்லை. தனுஜா உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

சாவு வீட்டில் தயாளன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்த நம்பர் சரியாத்தானேண்ணே இருந்துச்சு? நான்தான் வரையறதுல எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்று அழுதான். "விதி, தம்பி" என்றேன். அவனைக் காப்பி குடிக்க வைத்ததும் நான்தான். அப்புறம் அவன் பட்டறைப் பக்கமே வரவில்லை.

அந்த இரண்டு துளையைப் போட்டு மூடியை நான் சரிசெய்தேன். ஆறு மாதமாக ஃபேக்டரி பஸ்களில் ஓடுகிறது, ஒன்றுகூடக் கருகவில்லை. எத்தனை பெண்பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறார்கள். நினைத்தால் மனம் நிறைகிறது.

போன வாரம் முதலாளி அந்த மூடிக்குத் தனுஜா என்று பெயர் வைத்தார். படத்தின் கீழே, வடிவமைத்தவர் தயாளன் என்று அச்சடித்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்பியை மாற்றி ஒட்டியவன் நான். அந்தப் பெண்ணைக் கொன்றவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த இரண்டு துளையும் என் யோசனை என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அதற்காகத்தான் வந்தேன்.