மாரக்காளுக்கு ஊட்டிய கை

ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஓடிப்போக எனக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் இந்தச் சின்னாயிதான் மூத்த பராமரிப்பாளர். மாரக்காள் அம்மாளை அவர் மகன் ரமேஷ்குமார் கொண்டுவந்து சேர்த்தபோது வாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்திருந்தன. பேச்சும் போய்விட்டது. "சாமி" என்ற ஒரு சொல் மட்டும்தான் மிச்சம். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையும் சாமிதான், கிழவியும் சாமிதான். இருந்தாலும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னால் அது என் பெயர். தண்ணீர் கேட்கவும் சாமி, முதுகு சொறியவும் சாமி. ரமேஷ்குமார் ரிக் வண்டியோடு வடநாட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போகும் முன் என்னைக் கும்பிட்டார். "அக்கா, நீங்க இருக்கற தைரியத்துலதானுங்க போறேன்," என்றார். எனக்குப் பிள்ளை இல்லை, மேடம். அந்த இடத்தில் அம்மாள் இருந்தார்.

பிறகு தம்மம்பட்டியிலிருந்து அறிவுச்செல்வி வேலைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகச் சோற்றைக் கூழாகக் கரைத்து, அம்மாளை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனால் ஊட்டினாள். "வாதம் வந்தவங்களுக்குத் தொண்டை சரியா வேலை செய்யாதுக்கா. பருக்கையாக் குடுத்தா மூச்சுக்குழாய்க்குப் போயிடும்," என்று எனக்கே பாடம் நடத்தினாள். அம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தார். "சாமி" என்றார். பீ மூத்திரம் அள்ளியவள் நான், நேற்று வந்தவளுக்குச் சிரிப்பா?

அப்போதுதான் சமூகநலத் துறையிலிருந்து வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். இல்லத்தில் இருப்பவர்களைக் கட்டிவைக்கக் கூடாது, அறையில் பூட்டக் கூடாது, உறவினரைப் பார்க்கவிடாமல் தடுக்கக் கூடாது. மணிக்கட்டில் கட்டிய தடம் தெரிந்தால் உடனே விசாரிப்போம் என்றார்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கவனமாகக் கேட்டேன். நல்ல சட்டம், மேடம். குறையே சொல்ல முடியாது.

ஒரு மதியம் அறிவுச்செல்வி சாப்பிடப் போன நேரத்தில், பழைய சேலைக் கிழிசலை எடுத்து, அம்மாளின் இடக்கையைக் கட்டிலோடு இறுக்கிக் கட்டினேன். உயிர் இருந்த கை அது ஒன்றுதான். அவர் என் முகத்தைப் பார்த்து "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைக் கூப்பிடுகிறார் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. தடம் நன்றாகப் பதிந்ததும் அவிழ்த்துவிட்டு, முதியோர் உதவி எண்ணுக்கு நானே பேசினேன்.

அதிகாரிகள் வந்தார்கள். "யாரும்மா கட்டினது?" என்று அம்மாளிடம் கேட்டார்கள். அம்மாள் மிரண்டுபோய் அறிவுச்செல்வியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடைக்கலம் தேடித்தான் பிடித்தார். எனக்குத் தெரியும்.

"பாத்தீங்களாங்க, ஆள அம்மாளே காட்டிக் குடுத்துட்டாங்க," என்று நான்தான் விளக்கிச் சொன்னேன்.

"அக்கா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்றாள் அவள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கும் போட்டார்கள்.

அதன்பிறகு அம்மாள் முழுக்க எனக்குத்தான் என்று இருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் நீட்டிய ஸ்பூனைத் தட்டிவிட்டார். சாமி என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு அரிசீம்பருப்புச் சோறு ஆக்கினேன். கரைத்துக் கொடுக்க நான் என்ன அறிவுச்செல்வியா? பருக்கை பருக்கையாக, நெய் விட்டுப் பிசைந்து எடுத்துப் போனேன். "தொறங்க சாமி, உங்க சின்னாயி ஆக்குனதுங்க," என்று கெஞ்சினேன். தட்டையே தள்ளிவிடப் பார்த்தார். அதனால் மறுபடியும் கையைக் கட்டினேன். இந்த முறை யார் மேலும் பழி போட அல்ல, பாசத்தால்தான். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். ஊட்டினேன். இருமினார். முகம் நீலமானது. தட்டில் இன்னும் ஒரு வாய்ச் சோறு இருந்தது. அதையும் கொடுத்தேன்.

அறிவுச்செல்வி சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வந்தது, மேடம். அவள் சொல்லி நான் கேட்பதா?

அவள் மேல் போட்ட வழக்கை எடுத்துவிடுங்கள். கட்டியவள் நான், கொன்றவளும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அம்மாள் கடைசியாகச் சாப்பிட்டது என் கையால்தான். அந்தப் பெருமையை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.