பழசைக் கொடுத்தால் புதுசு

— ஊசி உடைஞ்சுபோச்சுங்க. இது ரெண்டாவது.

— மெஷினை விடு, கையால தைச்சிடு. சாக்குத் தைக்கிற ஊசி ஒண்ணு வச்சிருந்தியே.

— வச்சிருக்கேன். கல்யாணம் ஆன பன்னெண்டு வருஷத்துல சட்டைப் பொத்தான் பிஞ்சாக்கூட நீங்களா கொண்டுவந்து நீட்டினதில்ல. இன்னிக்கு விடிஞ்சதும் விடியாததுமா கம்பெனிக் கண்ணாடியைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க. ஸ்டோரைப் பார்த்துக்கிறவருக்கு இந்த வேலையும் சேர்த்துக் குடுத்துட்டாங்களா?

— இது வெல்டிங் கண்ணாடி. தலையைச் சுத்திப் போடுற புது வாரைக் கொக்கியில மாட்டினா வேலை முடிஞ்சிருக்கும். இதுல ஒரு பக்கத்துக் காது உடைஞ்சிருக்கு, கொக்கி நிக்காது. அதான் மடிச்சுத் தைக்க வேண்டியிருக்கு. எட்டு மணிக்குள்ள வேணும். பேசாம தையேன்.

— பேசாமத் தைக்கிறது மெஷின். நான் பேசிக்கிட்டேதான் தைப்பேன். இருங்க, இந்த ஓட்டை வழியா உள்ள விட்டு இப்படி மடிச்சா நிக்கும். இது என்ன, ஓரத்துல கறுப்பாக் காய்ஞ்சு ஒட்டியிருக்கு?

— துருவா இருக்கும்.

— பிளாஸ்டிக்ல துரு புடிக்குமா? ஏங்க, இது யாரோட கண்ணாடி?

— மெதுவாப் பேசு. உள்ள பிள்ளைங்க தூங்குதுங்க.

— நம்ம பிள்ளைங்க இடியே விழுந்தாலும் எழுந்திரிக்காதுங்க. கீழ்வீட்டுப் பிள்ளைங்க ரெண்டுக்காகவா மெதுவாப் பேசச் சொல்றீங்க? அப்போ இது அதுங்க அப்பாவோடதா?

— ஆமா.

— அந்த அண்ணன் போட்டிருந்ததா? அன்னிக்குப் போட்டிருந்ததேவா?

— அதேதான். ஃபோர்மன் எடுத்து வச்சிருந்தார். நேத்து சாயந்தரம் என் கையில குடுத்து, புது வார் போட்டு எடுத்துட்டு வான்னார்.

— கண்ணு போன மனுஷன் இனிமே இதை எங்க மாட்டப் போறார்? அதுக்கு எதுக்குப் புது வார்?

— பத்து மணிக்கு ஆய்வுக்கு அதிகாரி வர்றார். கண்ணாடியைக் காட்டச் சொல்லுவார். வார் கெட்டுப்போன கண்ணாடியைக் காட்டினா கம்பெனி மேல தப்பு. நல்ல வாரோட காட்டினா, நாங்க சரியாத்தான் குடுத்தோம், அவர்தான் நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு வேலை பார்த்தார்னு முடிஞ்சுடும். தைச்சதும் இந்தக் காகிதத்துல இருக்கிற கிரீஸை எடுத்து வார் மேல தேய்ச்சு, வாசப்படியில நாலு இழுப்பு இழுத்துக் குடு. பழசு மாதிரி தெரியணும்.

— இந்தாங்க, ஊசியை இங்கயே குத்தி வச்சுட்டேன். மீதியை உங்க ஃபோர்மன் வீட்டுல குடுத்துத் தைச்சுக்குங்க.

— விளையாடாதே.

— யார் விளையாடுறா? ரெண்டு நாளா அவர் பொண்டாட்டி ஆஸ்பத்திரி வராண்டாவுல பச்சைத்தண்ணி பல்லுல படாம உட்கார்ந்திருக்கா. வலது கண்ணு போச்சு, இடதும் சொல்றதுக்கில்லன்னு டாக்டர் சொன்னப்ப என் கையைத்தான் புடிச்சிருந்தா. நகம் பதிஞ்ச தடம் இன்னும் போகல. அவ பெத்ததுங்க என் பாயில படுத்திருக்கு. நான் இங்க உட்கார்ந்து, தப்பெல்லாம் அவ புருஷன் மேலன்னு சாட்சி தைச்சுக் குடுக்கணுமா?

— நான் என்ன பண்ண? மேல இருக்கிறவங்க சொல்றாங்க, செய்யறேன்.

— பழைய வாருக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.

— தொளதொளன்னு ஆகி நழுவிடுச்சு. அவர் தலைக்கு மேல இருந்த தகட்டை வெட்டிக்கிட்டிருந்திருக்கார். ஒரு கையில இரும்பு வெட்டுற கேஸ் டார்ச், இன்னொரு கை தகட்டைப் புடிச்சிருக்கு. கண்ணாடி மூக்குக்கு இறங்கினப்ப தூக்கிவிட மூணாவது கை இல்ல. உருகின இரும்பு நேராக் கண்ணுல விழுந்துடுச்சு.

— அப்படி இருக்கிறதை ஏன் மாட்டினார்? ஸ்டோர்ல வேற வார் இல்லையா?

— மணி ஆகுது, அந்த ஊசியை எடு.

— உங்களைத்தான் கேக்கிறேன்.

— இருந்துச்சு.

— எத்தனை?

— பெட்டி நிறைய.

— அப்புறம்?

— பழசைக் குடுத்தாத்தான் புதுசு, அதான் ரூலு. பழைய வாரை அதோட எஃகுக் கொக்கியோட திருப்பித் தரணும். அவர் வாரை மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்தார், கொக்கி எங்கயோ விழுந்துடுச்சுன்னார். கொக்கி இல்லாம என்னால வரவு வச்சுக்க முடியாது, தேடி எடுத்துட்டு வாங்கன்னேன்.

— ஒரு தடவையா வந்தார்?

— மூணு தடவை. மூணாவது தடவை சிரிச்சுக்கிட்டே, உங்களுக்குக் கீழ் வீட்டுல குடியிருந்து என்ன பிரயோஜனம், ஒரு வாருக்கு வழியில்லையேன்னார். நானும் சிரிச்சேன். ரூலை நானாப் போட்டேன்? ஒருத்தருக்கு விட்டா நூறு பேர் வந்து நிப்பாங்க.

— இந்தப் புது வாரை அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்தீங்களா?

— ஆமா.

— இதுக்கு மட்டும் கொக்கி கேக்கலையா உங்க ரூலு?

— குத்திக் காட்டாதே. ரெண்டு நாளா நான் தூங்கல.

— தெரியும். நீங்க புரண்டு புரண்டு படுத்ததைப் பார்த்துட்டு, என் புருஷனுக்கு எவ்வளவு இளகின மனசுன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன்.

— என்னை என்னதான் செய்யச் சொல்ற? உண்மையைச் சொன்னா மத்தியானத்துக்குள்ள என்னை வெளியே அனுப்பிடுவாங்க. பதினாலு வருஷ வேலை.

— அனுப்பட்டும். என் மெஷின் இருக்கு. அரை வயிறோ கால் வயிறோ நனைச்சுக்கலாம். அவ முகத்தைப் பார்த்துட்டுப் படியேற முடியணும், எனக்கு அது போதும். உங்க மேல தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. அவங்களுக்கு வரவேண்டியது வந்து சேரட்டும். பொய் சொல்லிட்டு வந்தீங்கன்னா, என் பிள்ளைங்க தலைமேல ஆணையாச் சொல்றேன், உங்க கையால ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்.

— சரி.

— என்ன சரி?

— சொல்லிடுறேன். பழைய வாரை எரிச்சுடுன்னு ஃபோர்மன் சொன்னார். எனக்கு மனசு வரல. டிஃபன் பைக்குள்ள போட்டுக் கொண்டுவந்துட்டேன். அதை அதிகாரி கையில குடுத்துட்டு, இவர் மூணு தடவை கேட்டார், நான்தான் தரலன்னு சொல்லிடுறேன். வர்றது வரட்டும்.

— இப்பதான் மனுஷனாப் பேசுறீங்க. பயப்படாதீங்க. நான் இருக்கேன்.

— ஆனா ஒண்ணு. அந்த வார்ல பாதிதான் கம்பெனி வார். நான் தராததால வெளிய குடுத்து ஒட்டுப் போட்டிருக்கார். நைஞ்ச இடத்தை வெட்டிட்டு, பாவாடைக்குப் போடுற எலாஸ்டிக்கை வச்சுத் தைச்சிருக்காங்க. டார்ச் சூட்டுல அது ஒரு மணி நேரம் தாங்குமா? இளகித் தொங்கிடுச்சு. தைச்சவங்களுக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? யார் தைச்சதுன்னு அதிகாரி கட்டாயம் கேப்பார். கீழ்வீட்டம்மாகிட்ட விசாரிச்சா சொல்லிடுவாங்க.

— அதைக் காட்டுங்க.

— இந்தா. கை பார்த்து, கரி ஒட்டும். என்ன, ஏன் அப்படிப் பார்க்கிற?

— நீல நூலு.

— ஆமா, நீல நூலுதான். அதுக்கென்ன?

— போன வாரம் அவ பிள்ளைங்க பாவாடையோட இதையும் எடுத்துட்டு வந்தா. அக்கா, இந்த நாடா நைஞ்சுபோச்சு, நடுவுல ஒரு துண்டு வச்சுக் குடுங்கன்னா. ஏதோ பை நாடான்னு நினைச்சேன். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. பாவாடைக்குப் போட்டது போக எலாஸ்டிக் மீதி இருந்துச்சு. பாபின்ல நீல நூல் கிடந்துச்சு, அதுலயே ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்துட்டேன்.

— நீயா?

— எலாஸ்டிக் வெளியே தெரியாத மாதிரி எவ்வளவு நல்லாத் தைச்சிருக்கீங்கக்கான்னு சொல்லிட்டுப் போனா.

— அவங்களுக்கு இது தெரியுமா? இதாலதான்னு?

— இன்னும் தோணல. தோணியிருந்தா என் தோள்ல சாய்ஞ்சு அழுவாளா?

— நீ தெரிஞ்சா செஞ்ச? நான் அவருக்குப் புதுசு குடுத்திருந்தா உன்கிட்ட இது வந்தே இருக்காது. அதையும் சேர்த்தே சொல்லிடுறேன். தப்பு என் மேலதான்.

— அடுப்பு எரியுது. அந்தப் பழைய வாரை அதுல போடுங்க.

— இப்பதானே உண்மையைச் சொல்லச் சொன்ன?

— போடுங்க. அந்தக் கிரீஸை இங்க கொண்டாங்க. அவ பிள்ளைங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள நானே தைச்சுத் தேய்ச்சு முடிச்சுடுறேன்.