பூஜையில வெக்காத ஸ்பானர்

இல்ல சார், டீ வேணாம். நின்னுகினே சொல்லிர்றேன். எட்மண்டை வேலைய உட்டு தூக்கறதுக்கு நாளைக்கு கையெழுத்து போடப்போறீங்களாமே, அதுக்குத்தான் கோல்ட் ஸ்டோரேஜ்லேர்ந்து நேரா வரேன்.

ஆமா, அப்பாவு நான்தான். குழாய் வேலை, பதினாறு வருசம். உள்ள மைனஸ் இருபது சார், தண்ணி நின்னா கல்லாப் பூடும். அதனால மேல ஓடற தீயணைக்கிற குழாய்ல வெறும் காத்துதான் இருக்கணும். நெருப்புன்னாதான் தண்ணி வரணும். டெஸ்ட்டுக்கு தண்ணி உட்டா, உடனே கடைசி சொட்டு வரைக்கும் வடிச்சுடணும்.

அன்னிக்கு ஆயுத பூஜை. காலைல இன்சூரன்ஸ்காரங்க தண்ணி உட்டு டெஸ்ட் பாத்துட்டு போனாங்க. வடிக்கறதுக்குள்ள பூஜைக்கு நேரமாச்சுன்னு கூப்ட்டாங்க. என் ஸ்பானருக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு சாமி முன்னால வெச்சாச்சு. மறுநா வரைக்கும் அத தொடக்கூடாதுல்ல?

என்கூட குழாய் வேலை பாக்கற எட்மண்டு சர்ச்சுக்கு போறவன். அவன் சாமான் எதுவும் பூஜைல இல்ல. அன்னிக்கும் வேலை பாத்துகினு இருந்தான். மறுநா கதவைத் தொறந்தா, தண்ணி ஒறைஞ்சு குழாய் வெடிச்சிருந்துது. மிச்ச தண்ணியும் கொட்டி, கோழிக்கறிப் பொட்டி அத்தனையும் ஐஸோட ஒட்டிகினு கீது. பூஜைக்கு வராதவன் கை வெச்சா இப்டித்தான்னு கேன்டீன்ல பேசினானுங்க. நானும் அங்கதான் குந்திகினு பொரி துன்னுகினு இருந்தேன். வாயத் தொறக்கல. நானெல்லாம் இன்னா மனுசன் சார்.

வடிச்சாச்சுன்னு அவன்தான் எழுதி கையெழுத்து போட்டிருக்கான், ஆமா. ஏன் போட்டான்னு கேட்டீங்களா? சொல்லியிருக்க மாட்டான்.

இந்தாங்க, இந்த ஸ்பானரப் பாருங்க. புடில எட்மண்டுன்னு கீறிக் கீது. பூஜை முடிஞ்சதும் என்னாண்ட வந்தான். அண்ணாத்தே, உன்னுது சாமிகிட்ட கீது, என்னுத எடுத்துகினு போய் வடிச்சுருன்னான். வாங்கினேன். அந்த கம்பளிக் கோட்ட மாட்டிகினு குளிர்ல ஒரு மணி நேரம் யாரு நிக்கறதுன்னு, பின்னாடி போய் ஒரு பீடிய குடிச்சிட்டு வந்து, வடிச்சிட்டேன்னு அவனாண்ட சொன்னேன்.

இன்னி வரைக்கும் இத திருப்பிக் கேக்கல சார். அவன் கைல குடுக்க எனக்கு மூஞ்சி இல்ல. நீங்களே குடுத்துருங்க.