வாத்து அளவில் ஒரு டைனோசர்

தேநீரில் நீங்கள் சர்க்கரை போடாதது நல்லதாயிற்று, ஐயா. நான் எப்போதும் அப்படித்தான் குடிப்பேன்.

அந்த எலும்புக்கூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வாத்து அளவுதான் இருக்கும். இறகு முளைத்த டைனோசர். பாதி உடல் இன்னும் கல்லுக்குள் கிடக்கிறது. நீண்ட கழுத்து, தட்டையான முன்னங்கை. அது தண்ணீரில் முங்கி மீன் பிடித்தது என்று முதலில் எழுதியவன் நான். பதினோரு வருடமாக என் பெயர் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

அது தப்பு என்று சொன்னவள் என் தங்கை மகள். என் ஆய்வகத்தில் அவளைச் சேர்த்ததும் நான்தான்.

"மாமா, கொக்குக்கும்தான் கழுத்து நீளம். அது முங்குதா என்ன? எலும்பை வெட்டிப் பார்த்தேன், லேசாத்தான் இருக்கு. முங்குற பிராணின்னா கனமா இருக்கணும். இது கரையில நின்னு மீன் பிடிச்சிருக்கும்."

நான் கோபப்படவில்லை. அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. கட்டுரையை எப்போது அனுப்புகிறாய் என்று மட்டும் கேட்டேன். திங்கட்கிழமை என்றாள்.

ஞாயிறு காலையில், நீர்க்காகம் முங்குவதைப் படம் எடுக்கலாம் என்று ஏரிக்குக் கூப்பிட்டேன். "உங்க கட்சிக்கு ஆள் பிடிக்கிறீங்களா மாமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆறு வயதில் கற்றுக்கொடுக்கப் பார்த்தவனே நான்தான். மூக்கில் தண்ணீர் ஏறி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. நான் இருக்கிறேன் என்பதால்தான் படகில் ஏறினாள். மிதவைச் சட்டை ஒன்றே ஒன்று இருந்தது. "வயசானவங்க, நீங்க போட்டுக்கோங்க" என்று அவளே என்னிடம் கொடுத்தாள்.

நடு ஏரியில், கேமராவோடு ஓரமாகக் குனிந்தாள். நானும் எழுந்து அதே பக்கம் சாய்ந்தேன். விழுந்தவள் துடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. "மாமா" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டாள். தூக்கிவிடுவேன் என்று நினைத்திருப்பாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

மதியம் ஆய்வகத்துக்குப் போய்க் கட்டுரையை அழித்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீ கூட இருந்தும் எப்படிண்ணா?"

நான் கூட இருந்ததால்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை, ஐயா. பெற்றவளை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.