பொக்கைவாய் சாக்ஸபோன்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்திருந்த நாட்களில் ஒருநாள், கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மேல்பல்லு இல்லன்னுதான் போலீஸ் பிடிச்சிச்சு அக்கா."

"பல்லு இல்லாததுக்கா?"

"காட்டுல இருக்கறவங்களுக்கு அரிசி கடத்துறாங்களான்னு ரோட்டுல சோதனை போட்டப்ப இவரு சாக்ஸபோன் பெட்டியத் தொறந்தாங்க. இவரு கூட வந்த, எங்க தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரு, 'பொக்கைவாயன் எங்க ஊதுவான்? திருட்டுப் பெட்டி'ன்னுட்டாரு."

"அடப்பாவி!"

"மத்த பசங்கள மேல்பல்ல ஊதுற முனையில வச்சுத்தான் ஊதச் சொல்வாரு, சாக்ஸபோன் சொல்லிக்குடுத்த வாத்தியாரு. இவருக்கு மட்டும் ரெண்டு உதட்டையும் உள்ள மடிச்சுக் கவ்வக் கத்துக்குடுத்திருந்தாரு. உதடு வீங்குனா அன்னைக்கு ஊதக்கூடாது, வெறும் மூச்சுப் பழக்கந்தான்."

"அப்புறம்?"

"ஊதிக் காட்டுன்னாங்க. நடுரோட்டுல நின்னு ஊதுனாரு பாருங்க, சனமெல்லாம் சுத்தி நின்னுச்சு. துப்பாக்கி வச்சிருந்தவனே காலால தாளம் போட்டான் லா!"

"மண்டோரு என்ன சொன்னாரு?"

"அவரு மக கல்யாணத்துக்குத்தான் இப்ப ஊதப் போறோம். அவரே வீடு தேடி வந்து கூப்பிட்டாரு."

எதிர்ச்சீட்டில் மடியில் பெட்டியோடு இருந்தவர் திரும்பி, வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை.