ஜிக்மித் அண்ணா செய்த மூன்று பிழைகள்

— ...இல்லாத நாயைப் பிடிக்கச் சொல்லி இந்தக் கத்து கத்துறியே, இனேசு, தொண்டை வலிக்கலையா உனக்கு? உள்ள வா, வா. கதவை நல்லா இழுத்துச் சாத்து. இன்னைக்குக் காத்து கூடாரத்தையே தூக்கிட்டுப் போயிரும் போல இருக்கு.

— முறை அல்லவா, செவெல்மா அக்கா? எந்த வீட்டை நெருங்கினாலும் "நாயைப் பிடியுங்கள்" என்று தூரத்திலேயே குரல் கொடுக்க வேண்டும். நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்.

— சொல்லிக் குடுத்தது நாய் இருக்கிற வீட்டுக்குடி. நம்ம பாசர் நேத்து சாயங்காலம் கயித்தை அத்துக்கிட்டு ஓடினது, இன்னும் ஆளைக் காணோம். நிலைப்படியை மிதிக்காமத்தானே வந்தே?

— மிதிக்கவில்லை. வலது காலை முதலில் எடுத்து வைத்தேன்.

— தேறிட்டே போ! அஞ்சு மாசத்துக்கு முன்ன நிலைப்படி மேலயே ஏறி நின்னு போட்டோ எடுத்தவ. உக்காரு. இந்தா, டீயைப் பிடி.

— வசந்தம் சுகமாகக் கழிகிறதா, அக்கா? மந்தை சுகமா?

— சுகம், சுகம். நேத்துப் போயிட்டு இன்னைக்கு வர்றவ, ஏதோ வருசம் கழிச்சு வந்த சம்பந்தி மாதிரி விசாரிக்கிறதைப் பாரேன். முதல்ல குடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இங்கிலீசு பேச ஆரம்பிச்சிட்டாங்களா?

— பாட்டு மட்டும் பாடுகிறார்கள். நேற்று இரவு பள்ளி விடுதியில் எல்லோரும் என்னைச் சுற்றிப் படுத்துக்கொண்டு தூங்கவே விடவில்லை. அப்படியும் குளிர் தாங்கவில்லை.

— குடிச்சிட்டியா? சரி, இப்போ சொல்றேன் கேளு. ராத்திரி மூணு குட்டி விறைச்சுப் போச்சு. அடுப்புக்குப் பக்கத்துல போட்டு, என் அங்கிக்குள்ள வெச்சு, வாயில பால் ஊத்தி, என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். ஒண்ணுகூட பிழைக்கல.

— ஐயோ! மந்தை சுகம் என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

— வந்தவ வாசல்ல நிக்கிறப்போவே செத்த குட்டியைப் பத்திப் பேசுவாங்களா யாராவது? முதல்ல எல்லாம் சுகம். டீ உள்ள போகணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். இதெல்லாம் சொல்லித் தரணுமா உனக்கு?

— தெரியும், தெரியும். இன்று உங்களிடம் பெருமையடித்துக் கொள்ளத்தானே ஓடி வந்தேன்! பாசரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது ஜிக்மித் அண்ணாவோடு இருக்கிறது. கணவாயில் பார்த்தேன்.

— நம்ம ஆளையா? கணவாயிலயா? அவரு ஓடிப்போன குதிரைங்களைத் தேடி வடக்கால இல்ல போனாரு? நாலு நாளாகும், அஞ்சு நாளாகும், வழியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காதேன்னு முந்தாநேத்து சொல்லிட்டுப் போன மனுசன்!

— கணவாயில், ஓவோ கற்குவியலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

— அப்போ குதிரைங்க சீக்கிரமே கெடைச்சிருச்சு போல. அதான் நாய் மோப்பம் பிடிச்சு ஓடியிருக்கு. அப்பாடி. காலையிலேர்ந்து மனசு ஒரு நிலையில இல்ல எனக்கு. ஆமா, இந்தத் தடவை அவர் மேல விழுந்து அழலையே நீ?

— அதை இன்னும் விடமாட்டீர்களா, அக்கா?

— எப்படி விடுறது? வந்த ஒரு வாரத்துல, புல்வெளியில குல்லாயை மூஞ்சி மேல போட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்கினவரைப் பார்த்து, செத்துட்டாருன்னு ஊரைக் கூட்டி, நெஞ்சுல குத்தி, வாயில ஊதி... யம்மா! சந்தையில நான் அதைச் சொல்லாத ஆள் கெடையாது. டிரைவர் கோன்சிக் இன்னைக்கும் என்னைப் பார்த்தா "உங்க வீட்டுப் பிணம் சுகமா"ன்னுதான் கேக்குறான்.

— என்னையும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள். பரவாயில்லை, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன். முதலில் இதைக் கேளுங்கள். ஐந்து மாதமாக நான் பிழை செய்ய, நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள் அல்லவா? உள்ளே விசில் அடித்தேன், புயலைக் கூப்பிடுகிறாயா என்றீர்கள். அடுப்பில் காகிதத்தைப் போட்டேன், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இப்போது கேளுங்கள்: ஜிக்மித் அண்ணா மூன்று பிழை செய்தார், நான் ஒன்றுகூடச் செய்யவில்லை.

— அவரா? அவரு முறை தப்ப மாட்டாருடி. சொல்லு சொல்லு, வரட்டும், இன்னைக்கு மாட்டினாரு.

— குதிரையை விட்டு இறங்கினேன். நன்றாகக் கவனியுங்கள், மேலே உட்கார்ந்துகொண்டே பேசவில்லை. சுகமா என்றேன், சுகம் என்றார். மந்தை கொழுத்திருக்கிறதா என்றேன், கொழுத்திருக்கிறது என்றார். பயணம் நலமா என்றேன், நலம் என்றார். ஒரு சொல் தடுமாறவில்லை நான்.

— சபாசு. அவரு எந்திரிச்சு நின்னு கும்பிட்டிருக்கணுமே.

— எழுந்திருக்கவில்லை. அதுதான் முதல் பிழை. கற்குவியலிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

— ஓவோ மேலயா? சாஞ்சா?

— ஆமாம்! நான் அதன்மேல் என் பையை வைத்ததற்கே அன்று என்ன திட்டு திட்டினார். மலையின் எஜமான் கோபித்துக்கொள்வான் என்றாரே. இப்போது அவரே சாய்ந்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்காக.

— ...அவரு குதிரை எங்க நின்னுச்சு?

— குதிரையைக் காணவில்லை. கேட்டேன். "போயிருக்கு, வரும்" என்று சிரித்தார்.

— கட்டாம விட்டாரா? சேணத்தோடயா?

— அதைக் கேட்கவில்லை. இரண்டாவது பிழையைக் கேளுங்கள். மூக்குப்பொடிக் குப்பியை என்னிடம் நீட்டினார், இடது கையால்!

— இடது கையாலயா?

— இடது கையால், அக்கா! என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். நான் ஏமாறவில்லை. வலது கையால் வாங்கி, முகர்ந்து, வலது கையாலேயே திருப்பிக் கொடுத்தேன். ஏன் சிரிக்கவில்லை நீங்கள்?

— வலது கை எங்கடி இருந்துச்சு?

— அங்கிக்குள். குளிருக்கு உள்ளே இழுத்து வைத்திருந்தார்.

— கண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லு. காலு ரெண்டும் எப்படி வெச்சிருந்தாரு? மடக்கியா, நீட்டியா?

— நீட்டி. அங்கி மூடியிருந்தது. மூன்றாவது பிழை...

— மூஞ்சி? மூஞ்சி எப்படி இருந்துச்சு?

— வியர்த்திருந்தது. அந்தக் குளிரில் வியர்த்ததுதான் எனக்கும் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. தேநீர் இருக்கிறதா என்றார், என் குடுவையைக் கொடுத்தேன். மலைக்கு ஒரு துளிகூடத் தெளிக்காமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டார். அதுதான் மூன்றாவது... அக்கா, எங்கே எழுந்து போகிறீர்கள்?

— உன் குதிரைக்குச் சேணம் கழட்டிட்டியா?

— இல்லை. ஏன்?

— நல்லது. அந்தப் பெட்டி மேல இருக்கிற கயித்தை எடு. அந்த ரெண்டு கட்டையையும். அடி பொண்ணே, அவரு தப்புப் பண்ணலடி. எலிப் பொந்துல குதிரை காலை விட்டு, இவரைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியிருக்கு. கையும் காலும் ஒடைஞ்சிருக்கு. எந்திரிக்க முடியாமத்தான் சாஞ்சு கெடந்திருக்காரு. நாப்பது வருசத்துல அந்த மனுசன் ஓவோவுக்கு முதுகு காட்டி நான் பார்த்ததில்ல!

— ஆனால் சுகம் என்று சொன்னாரே! நான் மூன்று முறை கேட்டேன்!

— நீ மூணு தடவ சுகமான்னு கேட்டா, அவரு மூணு தடவ சுகம்னுதான் சொல்லுவாரு! வேற என்ன சொல்லுவாரு? மலை உச்சியில, ஓவோ கேட்டுக்கிட்டிருக்கிறப்போ, கை ஒடைஞ்சுதுன்னு வாயால சொல்லுவாரா? வழியில போறவ கிட்ட கெட்ட சேதி சொன்னா அது அவ கூடவே வரும்னு தெரியாதா? நீ பக்கத்துல உக்காந்திருக்கணும். ஒண்ணும் பேசாம கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா, அவரே "ஒரு சின்ன விசயம்"னு ஆரம்பிச்சிருப்பாரு.

— நீங்கள்தானே சொன்னீர்கள், வழியில் யாரையும் என்ன ஆயிற்று என்று துருவிக் கேட்கக் கூடாது என்று! துருவுகிறவள், துருவுகிறவள் என்று எத்தனை முறை கேலி செய்தீர்கள்!

— சொன்னேன்டி. நான்தான் சொன்னேன். அழாத. அழுறதுக்கு இப்போ நேரமில்ல. அந்த ஆட்டுத்தோலைக் குடு. கணவாயிலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரமாச்சு உனக்கு?

— இரண்டு மணி நேரம்.

— நான் விரட்டினா ஒண்ணரை. அப்போ எல்லாம் சேர்த்து நாலு மணி நேரத்துக்குள்ள. நாலு மணி நேரம் அவருக்கு ஒண்ணுமே இல்ல. வெயில் இருந்துச்சு காலையில. நாய் வேற பக்கத்துல இருக்கு. வயித்துல சூடா டீ போயிருக்கு. தாங்குவாரு. புயல் வர்றதுக்குள்ள கொண்டாந்துருவேன். நீ கெழக்கால ஷரவ் வீட்டுக்கு ஓடு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு என் பின்னாலயே வரச் சொல்லு. அங்க போயி சுகமா கிகமான்னு நின்னுக்கிட்டிருக்காத, நேரா விசயத்தைச் சொல்லு.

— சொல்கிறேன். இப்போதே ஓடுகிறேன். மன்னித்துவிடுங்கள், அக்கா.

— மன்னிப்பு எதுக்கு? உன் குடுவை நல்லா சூடு தாங்குமே, அதுல டீ ஊத்திக் குடு, எடுத்துட்டுப் போறேன்.

— அது அவரிடமே இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் எனக்குக் குடுவை இல்லாமல் பிள்ளைகளுடையதை வாங்கிக் குடித்தேன்.

— பள்ளிக்கூடத்துலயா?

— ஆமாம். வகுப்பு முடிந்து...

— இரு. பள்ளிக்கூடத்துலேர்ந்து திரும்பி வர்றப்போதானே அவர்கிட்ட பேசினே?

— இல்லை, அக்கா. போகும்போது. நேற்றுக் காலையில்.

— நேத்தா?

— ஆமாம். "போற எடத்துல யாரைப் பார்த்தாலும், ஜிக்மித் கணவாயில உக்காந்திருக்கான்னு சொல்லு" என்றார். நானும் எல்லோரிடமும் சொன்னேன். தலைமையாசிரியரிடம் சொன்னேன், டிரைவர் கோன்சிக்கிடமும் சொன்னேன். ஜிக்மித் அண்ணா சுகமாக இருக்கிறார், கணவாயில் உட்கார்ந்திருக்கிறார் என்று. எல்லோரும் சிரித்தார்கள். "மறுபடியும் தூங்க எடம் பிடிச்சிட்டாரா" என்றார் கோன்சிக். "நீ போயி ஊதி எழுப்பிடாதே" என்றார்.

— நேத்துக் காலையில... ராத்திரி மூணு குட்டி... நேத்துக் காலையில பாசர் இங்கதான கட்டிக் கெடந்துச்சு. நான்தான் அதுக்கு எலும்பு போட்டேன். நீ எப்படி அவர் கூட நாயைப் பார்த்தே? சொல்லுடி. எப்போ பார்த்தே?

— அது இன்று, திரும்பி வரும்போது. அதைத்தான் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன், அக்கா... அவர் அதே இடத்தில் முகத்தில் குல்லாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார், பாசர் அவர் நெஞ்சில் தலையை வைத்துக் கிடந்தது, கூப்பிட்டும் என்னிடம் வரவில்லை. நான் சத்தம் போடாமல் ஓவோவை மூன்று முறை சுற்றிவிட்டு வந்தேன். இந்த முறை அவரை எழுப்பவில்லை.